சடையப்பன் பெயர் எழுதிய பெட்டி

செங்கல்பட்டு
17-7-1974

அன்புள்ள மாமா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை கோதண்டராமன் எழுதிக்கொண்டது.

நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் பெண் ரத்னா சொன்னாள். நானும் பத்திரமாக வந்தேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். மேல்மருவத்தூரில் வண்டியை நிறுத்தி, இரண்டு டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் நீங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு டீயையும் நானே குடித்தேன். முறுக்கிக்கொண்டு போவது மாப்பிள்ளையின் உரிமை. அதையும் நீங்களே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

நான் சிரித்தது தப்புதான். ஆனால் மாமா, யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். கல்யாணமான ஆறு வருஷத்தில் நாம் இருவரும் என் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்த கோட்டைகளும் மியூசியங்களும் இருபத்தொன்று. வேலூர், செஞ்சி, புதுக்கோட்டை என்று எங்கே போனாலும் எனக்குச் சமமாக ஒவ்வொரு விளக்கச் சீட்டையும் நின்று படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். ரத்னா முதல் பீரங்கியிலேயே உட்கார்ந்துவிடுவாள். இந்தத் தடவை திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ரிட்டயரான மேஜர் ராமானுஜம் தன் வீட்டு மூன்று அறைகளில் யுத்தச் சாமான்களைச் சேர்த்துவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆசையோடு போனோம். அங்கே ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. அதன்மேல் வெள்ளை பெயிண்டில் உங்கள் நம்பர், உங்கள் பெயர். கீழே சீட்டு: "படைவீரர் சடையப்பனின் பெட்டி. இவர் 1944இல் பர்மா எல்லையில் வீரமரணம் அடைந்தார்."

அந்தச் சடையப்பன் என் பக்கத்தில் நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "சார், இன்னும் உயிர் இருக்கு" என்று மேஜரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள்.

மேஜருக்கு உங்கள்மேல் கோபமே இல்லை. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு உங்களை அழைத்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து மாலை போடவேண்டும் என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

அத்தையின் டிபன் கேரியர் என்னிடம் இருக்கிறது. வெறும் கேரியரைத் திருப்பி அனுப்பினால் அத்தை ஒரு வாரம் பேசமாட்டார் என்பதால் ரத்னா அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

கோதண்டராமன்


சிங்கப்பெருமாள் கோயில்
20-7-1974

மாப்பிள்ளை அவர்களுக்கு சடையப்பன் எழுதுவது.

இனிமேல் கார்டில் எழுதவேண்டாம். மூன்று கார்டு போட்டீர்கள். இரண்டாவது கார்டு முதலில் வந்தது. போஸ்ட்மேன் பன்னீர்செல்வம் அதைப் படித்துவிட்டு ஸ்டேஷன் டீக்கடையில் சொல்லியிருக்கிறான். வயலுக்குப் போகிற வழியில் மூன்று பேர் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தன், "இன்னா அண்ணாத்த, செத்துட்டியாமே, எங்க கைல ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்கிறான்.

நேற்று ஆடி அமாவாசை. செத்தவர்களுக்குப் படையல் போடும்போது உங்கள் அத்தை சம்பூர்ணம், "உங்களுக்கும் ஒரு எலை போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

பதினைந்தாம் தேதி நான் வரமாட்டேன். மேஜருக்கு எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டில் பெயர் மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் உண்மை. ஆகவே அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் ஏறி வந்தது முறையில்லை என்று எனக்கும் தெரியும். வேறு என்ன செய்வதென்று அப்போது தோன்றவில்லை.

அதிரசம் வந்தது. பாகு கொஞ்சம் முற்றிவிட்டது என்று ரத்னாவிடம் சொல்லவேண்டாம்.

சடையப்பன்


செங்கல்பட்டு
24-7-1974

அன்புள்ள மாமா,

இது இன்லண்டு. ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பன்னீர்செல்வம் வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பெயர் மட்டும் பொய், மற்றது உண்மை என்றால், உங்கள் பெட்டியோடு போய் யாரோ ஒருவர் செத்திருக்கிறார். ரத்னாவைக் கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. ஆனால் வேறொன்று சொன்னாள். உங்கள் கட்டிலுக்கு அடியில் பூட்டின பெட்டி ஒன்று இருக்கிறதாம். மழைக்காலத்தில் கருவாட்டு வாசனை அடிக்குமாம். ஏழு வயசில் அந்தப் பூட்டை நோண்டினதற்காக நீங்கள் அவளை அடித்தீர்களாம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் அவளை அடித்ததே இல்லையாம்.

இன்னொன்றும் யோசித்தேன். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன். பக்கத்தில் எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் என் கண்ணில் முதலில் படும். புதுக்கோட்டை வரைக்கும் இடுப்பு ஒடிய வந்தீர்கள். இருபது மைல் தள்ளி இருக்கிற சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு மட்டும் ஆறு வருஷமாக வரவில்லை. ஒரு தடவை ஜுரம், ஒரு தடவை நாற்று நடவு, ஒரு தடவை மாடு கன்று போட்டது. அந்த மாடு அதற்கு முந்தின வருஷமே விற்றாகிவிட்டது என்று அத்தை பிற்பாடு சொன்னார்.

உங்களை நோகடித்திருக்கிறேன் என்பது தெரிகிறது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. சொல்ல விருப்பம் இல்லையென்றால் விடுங்கள், நான் மேஜருக்கு எழுதிவிடுகிறேன். அழைப்பிதழ் நூறு பிரதி என் கையாலேயே சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

கோதண்டராமன்


சிங்கப்பெருமாள் கோயில்
29-7-1974

மாப்பிள்ளை,

சம்பூர்ணத்திடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். ரத்னா படிக்கலாம். அவளை அடித்ததற்குக் காரணம் அவளுக்குத் தெரியவேண்டும்.

பட்டாளத்தில் என் பக்கத்துக் கட்டில் நீலமேகம். சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். இருவரும் லாரி ஓட்டினோம். லீவில் போனால் அவன் ஊரிலிருந்து பெட்டி நிறையக் கருவாடு கொண்டுவருவான். எல்லாருக்கும் கொடுப்பான், எல்லாரும் தின்போம். ஆனால் பெட்டி நாறும். சுபேதார் ஒரு வடக்கத்தியான். மீனைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. 44ஆம் வருஷம் ஆரம்பத்தில் எங்களை பர்மா எல்லைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. கிளம்புகிற அன்று காலை சாமான் பரிசோதனை. இந்தப் பெட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று சுபேதார் காலால் எட்டி உதைத்தான்.

எனக்கு மலேரியா. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் அந்தக் கூட்டத்தில் நான் போகவில்லை. நீலமேகம் ஓடிவந்தான். "அண்ணாத்த, உன் பொட்டிய குடு. என்னுத நீ வெச்சிக்கோ. நான் வந்து மாத்திக்கிறேன்" என்றான். கொடுத்தேன். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "வரலன்னு வெச்சிக்கோ, வூட்ல சேத்துடு. உள்ள மாரிக்கும் கொயந்திக்கும் சாமான் கீது" என்றான். மாரி அவன் பெண்சாதி, மாரியம்மா. குழந்தை பிறந்து மூன்று மாசம். அவன் இன்னும் பார்த்திருக்கவில்லை.

நாலாம் மாசம் அவன் லாரிமேல் குண்டு விழுந்தது. குடும்பத்துக்குத் தந்தி போயிற்று. என் பெயர் போட்ட பெட்டி மட்டும் ஏதோ டிப்போவில் ஆளில்லாமல் கிடந்திருக்கும். செத்தவன் பெட்டி என்று துண்டுச்சீட்டு கட்டியிருப்பார்கள். ஏலத்தில் எடுத்த மேஜர் பெயரைப் படித்து எழுதிவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

தப்பு என்மேல். ஊருக்கு வந்ததும் போயிருக்கவேண்டும். முதல் வருஷம் உடம்பு சரியில்லை. அடுத்த வருஷம் திருக்கழுக்குன்றம் வரைக்கும் பெட்டியோடு போனேன். சந்தையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மீன் கூடையை இறக்கினாள். மாரியம்மாவோ வேறு யாரோ, எனக்குத் தெரியாது. அப்படியே திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் போன வருஷம் போகாதவன் இந்த வருஷம் எந்த முகத்தோடு போவது என்றே முப்பது வருஷம் ஓடிவிட்டது. பூட்டைத் திறந்ததும் இல்லை. சாவியை அவன் கொண்டுபோய்விட்டான்.

செத்தவனுக்குச் சேரவேண்டிய பெயரை நான் எடுத்துக்கொண்டு, அதற்கு மாலையும் வாங்கிக்கொள்ளவேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

சடையப்பன்


செங்கல்பட்டு
5-8-1974

அன்புள்ள மாமா,

திட்டுவதாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நான் தனியாகச் சதுரங்கப்பட்டினம் போனேன்.

முதலில் கோட்டைக்குள் போனேன். போகாமல் என்னால் முடியாது. டச்சுக்காரர்களின் சமாதிக் கற்களில் மண்டையோடு செதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் இல்லாமல் படித்ததால் ஒன்றும் மனசில் நிற்கவில்லை. பிறகு குப்பத்துக்குப் போய் மாரியம்மா வீட்டைக் கேட்டேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீன் வாங்க வந்தவன் மாதிரி நின்றேன்.

"இன்னா சார், கோட்ட பாக்க வந்தியா? அங்க இன்னா கீது, வெறும் செங்கல்லு. பாக்கறதுன்னா மாபல்லிபுரம் போ" என்றார் மாரியம்மா. ஐம்பது வயசிருக்கும். கணீரென்ற குரல். பழைய பட்டாளச் சாமான்கள் பார்ப்பது என் வழக்கம், உங்கள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். ஒரு போட்டோ கூட கெடையாது. எம்பொண்ணு பேரு சின்னப்பொண்ணு, திருப்போரூர்ல குட்த்தனம் கீறா. அப்பன் மொகமே தெரியாது அவளுக்கு. பொட்டி ஒண்ணு சிநேகிதரு கைல குட்த்துட்டுப் போறேன்னு லெட்டர் போட்டாரு. சடையப்பன்னு பேரு. அவரும் பாவம் சண்டையில பூட்டாரு."

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? உசுரோட இருந்தா பொட்டிய எடுத்துக்கினு வந்திருப்பாரே. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு எங்க வூட்டுக்காரருக்கு ஒரு எலை, அவருக்கு ஒரு எலை போட்டுக்கினு தான் கீறேன்."

மாமா, இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. மேஜராவது ஒரு சீட்டு எழுதி உங்களைக் கொன்றார். இந்த அம்மாள் முப்பது வருஷமாக உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் வராததற்கு அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் நீங்கள் செத்துப்போனதுதான். வேறு எந்தக் காரணத்தையும் அவர் உங்கள்மேல் சுமத்தவில்லை.

எந்த முகத்தோடு போவது என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிற முகத்தோடு போகலாம். வண்டி தயாராக இருக்கிறது.

கோதண்டராமன்


சிங்கப்பெருமாள் கோயில்
8-8-1974

மாப்பிள்ளை,

நான் இல்லாமல் கோட்டைக்குப் போனது துரோகம். அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

சம்பூர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாள் பூரா அவள் என்னோடு பேசவில்லை. இன்று காலையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை அவளே வெளியே இழுத்துத் துடைத்துவைத்தாள். போய்த் தொலையுங்கள் என்றாள்.

ஞாயிறு ஆறு மணிக்கு வாருங்கள். தடிமனான கயிறு கொண்டுவாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சடையப்பன்


செங்கல்பட்டு
12-8-1974

அன்புள்ள மாமா, "மேற்பார்வை மாரியம்மா, சதுரங்கப்பட்டினம் குப்பம்" என்று உங்களுக்கு விலாசம் எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

உங்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வளைவில் மணலில் வண்டி சறுக்கிவிட்டது. கணுக்கால் பூசணிக்காய் அளவு இருக்கிறது. பத்து நாள் தரையில் கால் வைக்கக்கூடாதாம். பின்னால் பெட்டியும் மாமனாரும் இருந்தவரைக்கும் ஒழுங்காக ஓடின வண்டி இது. நூறு அழைப்பிதழ் அடித்த நான் விழாவுக்கு வரமுடியாது.

படுத்துக்கொண்டு நேற்று நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நீங்கள் பெட்டியோடு நின்று, "நான்தான் சடையப்பன்" என்றதும் மாரியம்மா உங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். "செத்துப்போன ஆளுக்கு இன்னா தொப்பை" என்றார். அப்புறம் உள்ளே போய் இலையைப் போட்டார். "முப்பது வருசமா ஒன் எலையக் காக்காதான் துன்னுது. இன்னிக்காவது நீ குந்தித் துன்னு" என்றார். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். திருப்போரூரிலிருந்து மகள் வந்தபிறகுதான் பூட்டை உடைக்கவேண்டும், அதுவரைக்கும் நீங்கள் போகக்கூடாது என்று அவர் சொன்னபோது உங்கள் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மேஜருக்குப் போன வாரமே எல்லாம் எழுதிவிட்டேன், பதிலும் வந்துவிட்டது. பெரிய மனுஷர். தன் தப்பைத் தானே திருத்த ஆசைப்படுகிறார். பதினைந்தாம் தேதி மாரியம்மாவும் நீங்களும் கையோடு கொண்டுபோகப் புதுச் சீட்டை டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். மெஷினைக் கட்டில்மேல் வைத்து அடித்ததால் ஒரு வரி லேசாகச் சாய்ந்திருக்கிறது. படித்துப் பாருங்கள்:

"இந்தப் பெட்டி சடையப்பனுடையது. தம் நண்பர் நீலமேகத்துக்கு அவர் இதை இரவல் கொடுத்தார். சதுரங்கப்பட்டினம் குப்பத்தைச் சேர்ந்த நீலமேகம், மாரியம்மாவின் கணவர், சின்னப்பொண்ணுவின் தகப்பனார், 1944இல் பர்மா எல்லையில் உயிர் நீத்தார். சடையப்பன் நலம்."

கடைசி இரண்டு வார்த்தைகள் என் சொந்தச் சேர்க்கை. பிடிக்காவிட்டால் அடித்துவிடுங்கள்.

கோதண்டராமன்


சிங்கப்பெருமாள் கோயில்
17-8-1974

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் வீடு பக்கத்தில்தான் இருக்கிறது, நேரில் வந்தே சொல்லலாம். ஆனால் நேரில் சொன்னால் நடுநடுவே நீங்கள் பேசுவீர்கள். அதனால் முதலில் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சின்னப்பொண்ணு வந்தாள். பூட்டைக் கல்லால் அடித்ததும் உதிர்ந்துவிட்டது. உள்ளே ஒரு சிவப்புச் சீலை, மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது. குழந்தைக்கு வாங்கின வெள்ளிக் கொலுசு, கறுத்திருந்தாலும் முழுசாக இருந்தது. மூலையில் ஒரே ஒரு நெத்திலி. அடியில் ஒரு போட்டோ. பெங்களூரில் ஸ்டூடியோவில் எடுத்தது, நீலமேகம் தனியாக நிற்கிறான். காலில் இருப்பது என் பூட்ஸ். அவனுக்குக் காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும். சின்னப்பொண்ணு அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக்கொண்டு, "இத்தினி நாளா இந்தக் காது எங்கேருந்து வந்துச்சோன்னு கீறேன்மா" என்றாள். மாரியம்மா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். கொலுசு இப்போது சின்னப்பொண்ணுவின் மகள் காலில் இருக்கிறது.

பதினைந்தாம் தேதி மாரியம்மா, சின்னப்பொண்ணு, நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மேஜர் பழைய சீட்டைத் தன் கையாலேயே பிய்த்தார். உங்கள் சீட்டை ஒட்டி, கூட்டத்துக்கு எதிரே உரக்கப் படித்தார். சடையப்பன் நலம் என்ற இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். அதை நான் அடிக்கவில்லை, இருக்கட்டும். மாலையை மாரியம்மா வாங்கிப் பெட்டிக்குப் போட்டாள். போட்டோவைப் பெரிதாக்கி ஒரு பிரதி தரும்படி மேஜர் கேட்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாரியம்மா என்னைக் கூப்பிட்டு, "இது ஒன் பொட்டி தானே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கையில் ஒரு கூடை இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இடம் மாறினபோதே நான் யோசித்திருக்கவேண்டும். பெட்டியின் மூடியைத் தூக்கினாள். கூடையிலிருந்து வாளைக் கருவாடு, நெத்திலி, சென்னாக்குன்னி இறால் என்று காகிதப் பொட்டலங்களாக எடுத்து உள்ளே அடுக்கினாள். மேஜர் பதறிப்போய், "அம்மா, இது மியூசியம்" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றாள். "எரவலு வாங்கின பொட்டிய வெறுமையா குடுக்கிற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. அவரு வாங்கினாரு, வந்து குடுக்க முடியல. நான் குடுக்கறேன்."

பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை, நான் அழுதேன். மேஜர், போலீஸ்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க நின்று அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

பெட்டி உங்களுடையது, எடுத்துப் போங்கள் என்று மேஜர் சொன்னார். அந்த வாசனையில் அவர் மனப்பூர்வமாகத்தான் சொல்லியிருப்பார். சீட்டும் பெட்டியும் நீலமேகத்துக்காக அங்கேயே இருக்கட்டும் என்று கருவாட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆடி அமாவாசைக்கு ஒரே ஒரு இலைதான் போடுவாளாம். நான் வந்து கூட நின்று போடவேண்டும் என்று உத்தரவு. டச்சுக் கோட்டையை அன்றைக்கு உங்களோடு பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரைக்கும் நான் அதற்குள் கால் வைக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு பன்னீர்செல்வம் கையில் டிபன் கேரியரையும் கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு விஷயம் பூராவும் தெரியும், நானே டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன். மேல் தட்டில் உங்கள் கணுக்காலுக்குப் பற்றுப் போட சம்பூர்ணம் அரைத்தது. கீழ் இரண்டு தட்டிலும் உங்கள் பங்குக் கருவாடு. கேரியரை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உங்கள்
சடையப்பன்